பிள்ளையின் எடையும் அம்மாவின் மனச்சுமையும்



எடை குறைந்த பிள்ளைகள் பற்றியும் ரத்தசோகை பற்றியும் நம் குழுக் கூட்டங்களில் பல முறை பேசியிருக்கிறோம். இந்த மாதப் பாடம் அதற்கு நேர் எதிரான ஒரு பிரச்சினை. பிள்ளைகளுக்கு வயதுக்கும் உயரத்துக்கும் மீறி எடை கூடுவது. "அது டவுன் பணக்கார வீட்டுப் பிரச்சினை, நமக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்பீர்கள். ஒரு பத்து வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் சரி. இப்போது நம் தெருவிலேயே அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். நம் நாட்டில் 5 வயதுக்குள் எடை கூடிய குழந்தைகள் 2015-16 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 100-க்கு 2.1. அடுத்து 2019-21-ல் எடுத்தபோது 3.4. தமிழ்நாட்டில் பெரிய பெண்களை எடுத்துக்கொண்டால் அதே காலத்தில் 100-க்கு 31 பேர் என்பது 40 பேர் ஆகிவிட்டது. உலக அளவில் 5 முதல் 19 வயதுப் பிள்ளைகளில், எடை குறைந்தவர்களை விட உடல் பருமன் உள்ளவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று 2025-ல் யுனிசெஃப் நிறுவனம் அறிவித்தது. இப்படி ஆனது இதுதான் முதல் முறை.

காரணம் கேட்டால் எல்லாரும் தின்பண்டத்தையும் செல்போனையும் சொல்வோம். அது உண்மைதான். ஆனால் அந்தத் தின்பண்டம் பிள்ளை கைக்கு எப்படி வருகிறது? வாங்கிக் கொடுக்கிற பெரியவர்களின் மனசு அந்த நேரத்தில் எப்படி இருக்கிறது? இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. இந்தப் பாடம் அதைப் பற்றித்தான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். அம்மாவைக் குற்றவாளி ஆக்குவதற்காக இதை எழுதவில்லை. பிள்ளை மெலிந்தாலும் அம்மாதான் காரணம், பெருத்தாலும் அம்மாதான் காரணம் என்று சொல்கிற பேச்சு நமக்கு ஏற்கெனவே போதும் போதும் என்று இருக்கிறது.

ஒரு வீட்டைப் பார்ப்போம்

பல வீடுகளில் நடப்பதை ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கிறோம். அதனால் பெயர் வைக்கவில்லை. படிக்கும்போது "இது நம்ம வீடு மாதிரி இருக்கே" என்று தோன்றினால் அது தற்செயல் இல்லை.

அவர் ஒரு குழு உறுப்பினர். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவார். வீட்டில் மாமியாரும், நான்காம் வகுப்பு படிக்கிற ஒரே பையனும். காலையில் பூப்பறிக்கப் போய், மத்தியானம் வந்து, சாயங்காலம் பூக்கட்டுவார். குழுக் கடன் ஒன்று. அது போக தனியாரிடம் வாரத் தவணைக் கடன் ஒன்று. கைமாற்று வேறு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தவணைக்காரர் வந்து வாசலில் நிற்பார். அவர் பேசுவது பையன் காதில் விழக்கூடாது. உடனே பத்து ரூபாயை எடுத்து, "போய் கடையில ஏதாச்சும் வாங்கித் தின்னு, மெதுவா வா" என்று அனுப்பிவிடுவார். முதலில் செவ்வாய்க்கிழமை மட்டும் நடந்தது. பிறகு அலுப்பாக இருக்கிற நாள், அழுகை வருகிற நாள், மாமியாரோடு பேச்சு முற்றிய நாள் எல்லாவற்றுக்கும் அதே பத்து ரூபாய்தான். இரவு சமைக்கத் தெம்பு இல்லாவிட்டால் புரோட்டா. பையன் தூங்குகிற வரை கையில் செல்போன்.

மாமியாருக்கு இதில் குறையே தெரியவில்லை. "வளர்ற பிள்ளை, திங்கட்டும். நாங்க கேப்பைக் கூழுக்கு ஏங்கி நின்னோம். என் பேரன் அப்படியா நிக்கணும்?" என்பார். யாராவது "பையன் நல்லா பூரிச்சுட்டானே" என்றால் அன்றைக்கே உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார்.

ஒரு நாள் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்தது. 9 வயது, 131 சென்டிமீட்டர் உயரம், 41 கிலோ. "உடல் பருமன், ஆஸ்பத்திரியில் காட்டவும்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைப் பார்த்ததும் அம்மாவுக்கு அவமானம், கோபம். பண்டம் வைக்கிற டப்பாவைப் பூட்டினார். "இனிமே ஒரு வாய் கூடத் தின்னக் கூடாது, குண்டா" என்று திட்டினார். ஒரு நாள் அடியும் விழுந்தது. பையன் அப்பத்தாவின் சுருக்குப்பையில் இருந்து காசு எடுக்க ஆரம்பித்தான். பாக்கெட்டைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தான். பள்ளியில் பிள்ளைகள் கேலி பேசியதால் விளையாட்டு நேரத்தில் வகுப்பிலேயே உட்கார்ந்துகொண்டான்.

இன்னொன்றும் நடந்தது. பையனின் கழுத்துப் பின்பக்கம் கறுப்பாக, வெல்வெட் துணி மாதிரி தடித்து இருந்தது. அழுக்கு என்று நினைத்து வாரா வாரம் பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்தார். பையன் வலியில் கத்துவான். கறுப்பு போகவில்லை. அது அழுக்கே இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதைத் தோல் காட்டுகிற அடையாளம் அது.

இந்தக் கதையின் மீதியைக் கடைசியில் சொல்கிறோம். இப்போது, இந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. மனசு பாரமானால் பிள்ளையின் தட்டு எப்படி மாறுகிறது?

கடன், குடி, சண்டை, தனிமை, தூக்கமின்மை என்று ஏதாவது ஒன்று தொடர்ந்து நம்மை அழுத்தினால் உடம்பில் கார்ட்டிசால் என்ற சுரப்பு கூடும். கூடினால் இனிப்பும் எண்ணெயும் தேடும் ஆசை வரும். பெரியவர்களுக்கு வருகிற இந்த ஆசை பிள்ளைகளுக்கும் வரும். வீட்டில் சண்டை நடக்கும்போது பிள்ளை ஒன்றும் புரியாமல் மூலையில் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அதன் உடம்புக்கு எல்லாம் தெரிகிறது.

அடுத்தது தெம்பு. மனச்சோர்வு உள்ளவருக்கு அரிசி களைவதே மலை மாதிரி இருக்கும். நேரத்துக்குச் சமையல் நடக்காது. பிள்ளை பசி வந்த நேரத்தில் கிடைத்ததைத் தின்னும். விளையாடக் கூட்டிப்போக முடியாது, டி.வி.யோ செல்போனோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும். தூங்கும் நேரமும் தள்ளிப்போகும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு இரவில் 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி அதிகம் எடுக்கும்.

மூன்றாவது, குற்ற உணர்ச்சி. "நாள் பூரா வேலைக்குப் போயிடுறேன், புள்ளையோட இருக்க முடியல, இதையாவது வாங்கித் தரலாமே" என்று நினைக்கிறோம். வெளியூரில் இருக்கிற அப்பாவும் அப்படித்தான். வரும்போது பை நிறைய பிஸ்கட், சிப்ஸ், கூல்டிரிங்க்ஸ். பாசத்தைக் காட்ட அவருக்குக் கிடைத்த வழி அது.

அம்மாவின் மனச்சோர்வும் பிள்ளையின் உடல் பருமனும் பற்றி பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் ஒரு தொகுப்பு வெளிவந்தது. வந்து போகிற சோர்வைப் பற்றி ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. ஆனால் நீண்ட நாள் தீராமல் இருக்கிற மனச்சோர்வோடு பிள்ளையின் எடைக்குத் தொடர்பு இருப்பதாகத் தெரிந்தது. ஆகவே ஒரு வாரம் மனசு சரியில்லை என்பதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடக் கூடாது.

2. நம் மனப்போக்கு என்ன செய்கிறது?

பெற்றோரின் எண்ணங்களில் நான்கை முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கொழுகொழு என்றால்தான் ஆரோக்கியம் என்ற எண்ணம். இது நம் பெரியவர்கள் பஞ்சத்தைப் பார்த்ததால் வந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் நாலு சதை இருந்த பிள்ளைதான் அம்மையையும் பேதியையும் தாங்கியது. இப்போது காலம் மாறியிருக்கிறது, எண்ணம் மாறவில்லை. இதனால் பிள்ளை பெருத்திருப்பது நம் கண்ணுக்கே தெரிவதில்லை. எடை கூடிய பிள்ளைகளின் பெற்றோரில் ஏறக்குறைய பாதிப் பேர் தம் பிள்ளையின் எடையைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2014-ல் வந்த இன்னொரு ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அதனால் நம்மை மட்டும் சொல்ல முடியாது, உலகம் பூரா இப்படித்தான்.

இரண்டாவது, தட்டைக் காலி செய் என்ற கட்டாயம். "இன்னும் ஒரே வாய், சாமிக்கு ஒரு வாய், நிலாவுக்கு ஒரு வாய்." பிறக்கும்போதே பிள்ளைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரியும். பால் போதும் என்றால் வாயை எடுத்துவிடும். வயிறு சொல்வதை விட்டு தட்டைப் பார்த்துச் சாப்பிடப் பழக்கிவிட்டால், வளர்ந்த பிறகும் வயிறு சொல்வது கேட்காது.

மூன்றாவது, தின்பண்டத்தைப் பரிசாகவும் லஞ்சமாகவும் கொடுப்பது. "கணக்கைப் போடு, ஐஸ் வாங்கித் தரேன்", "ஊசி போட்டா அழாம இரு, சாக்லேட் தரேன்." அழுகை, பயம், சலிப்பு எல்லாவற்றுக்கும் மருந்து இனிப்பு என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. வளர்ந்த பின் மனசு சரியில்லாத போதெல்லாம் கை டப்பாவுக்குப் போகிறது. நம்மில் எத்தனை பேருக்கு அப்படிப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நான்காவது, ஒரேயடியாகத் தடுப்பதும் கேலி செய்வதும். அமெரிக்காவில் லியான் பர்ச் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவரும் 1999-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் முன்னால் ஒரு பண்டத்தைக் கண்ணாடி ஜாடியில் வைத்து, பார்க்கலாம் ஆனால் எடுக்கக் கூடாது என்று சொன்னார்கள். பிள்ளைகளின் பேச்சு முழுக்க அந்த ஜாடியைச் சுற்றியே இருந்தது. தடுக்காமல் விட்ட பண்டத்தின் மேல் அவ்வளவு ஆசை இல்லை. பூட்டிய டப்பா ஆசையைக் கூட்டும். ஆகவே பூட்டி வைப்பதை விட, அதை வீட்டுக்கு வாங்காமல் இருப்பது நல்லது.

கேலி இன்னும் மோசம். குண்டு, தடியன், பூசணி என்று செல்லமாகத்தான் கூப்பிடுகிறோம் என்போம். கேலி கேட்ட பிள்ளை வெட்கப்பட்டு விளையாடப் போகாது, ஒளிந்து தின்னும். எடை குறையாது, கூடும். மனசும் கெடும்.

3. கண்டிப்பா, செல்லமா?

2006-ல் அமெரிக்காவில் 872 பிள்ளைகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு இருக்கிறது. பிள்ளைகள் நாலரை வயதாக இருந்தபோது அம்மாக்கள் எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்த்து, ஒன்றாம் வகுப்பு வந்தபோது எடை பார்த்தார்கள். அன்பும் இருந்து ஒழுங்கும் இருந்த வீடுகளில்தான் எடை கூடிய பிள்ளைகள் மிகக் குறைவு. அன்பு காட்டாமல் கண்டிப்பு மட்டும் இருந்த வீடுகளில் எடை கூடும் வாய்ப்பு அதைப்போல் ஏறக்குறைய 5 மடங்கு. செல்லம் மட்டும் கொடுத்த வீடுகளிலும், கண்டுகொள்ளாமல் விட்ட வீடுகளிலும் சுமார் 2 மடங்கு.

நம் ஊர் வழக்கம் வேறு, அவர்கள் ஊர் வழக்கம் வேறு. எண்ணிக்கை அப்படியே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அடியாலும் திட்டாலும் பிள்ளையின் எடையைக் குறைக்க முடியாது என்பது நம் அனுபவத்திலும் தெரிந்ததுதான்.

அப்படியானால் ஒழுங்கு என்பது என்ன? எல்லின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் ஒரு எளிய வழி சொன்னார். என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது ஆகிய மூன்றையும் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. என்ன வேண்டும் என்று பிள்ளை அடம் பிடித்து முடிவு செய்கிறது. எவ்வளவு என்று நாம் ஊட்டி ஊட்டி முடிவு செய்கிறோம்.

4. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று

ஒரே வீட்டில் அண்ணனுக்கு "நல்லாச் சாப்பிடு, ஆம்பளப் புள்ள", தங்கைக்கு "போதும், இப்பவே இப்படி இருக்கே, யாரு கட்டிப்பாங்க?" இதையும் பார்க்கிறோம். வயதுக்கு வருகிற நேரத்தில் பெண் பிள்ளைகளுக்கு உடம்பில் சதை சேர்வது இயற்கை. அப்போது கல்யாணத்தைச் சொல்லி மிரட்டினால் அவள் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவாள். ஏற்கெனவே இருக்கிற ரத்தசோகை இன்னும் கூடும். சாயங்காலம் பசி தாங்காமல் பாக்கெட்டைப் பிரிப்பாள். எடையும் கூடி ரத்தமும் குறைந்த பெண் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. பெருத்த உடம்பு என்பதற்காகச் சத்து இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

5. சுற்றி வருகிற வட்டம்

அம்மாவின் மனசு பிள்ளையின் எடையைப் பாதிக்கிறது. பிள்ளையின் எடை திரும்ப வந்து அம்மாவின் மனசைப் பாதிக்கிறது. சீட்டு வந்ததும் மாமியார் ஒன்று சொல்வார், கணவர் போனில் ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டில் ஒன்று சொல்வார்கள். "நீ என்ன பிள்ளை வளர்க்கிற?" மனசு இன்னும் உடையும். மறுபடி அதே பத்து ரூபாய்.

இந்த வட்டத்தை எங்காவது ஓர் இடத்தில் வெட்ட வேண்டும். பிள்ளையின் தட்டில் கை வைப்பதற்கு முன்னால், அம்மாவின் சுமையை யாராவது கொஞ்சம் இறக்க வேண்டும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

எடையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வயது, உயரம், எடை மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 5 வயதுக்குள் என்றால் அங்கன்வாடியில் வளர்ச்சி அட்டை இருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்கு கிராம சுகாதாரச் செவிலியரையோ பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவையோ கேளுங்கள்.

வீட்டில் செய்ய ஒரு கயிறு சோதனை உண்டு. 5 வயதுக்கு மேல் உள்ள பிள்ளையின் உயரத்துக்கு ஒரு கயிறு எடுத்து அதைப் பாதியாக மடியுங்கள். மடித்த கயிறு இடுப்பைச் சுற்றி எட்டினால் நல்லது. எட்டாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். நாலு பேர் முன்னால் இதைச் செய்யாதீர்கள்.

கீழே உள்ளவை இருந்தால் தள்ளிப் போடாமல் டாக்டரைப் பாருங்கள்:

கழுத்து, அக்குள் கறுத்துத் தடிப்பது.
இரவில் பலத்த குறட்டை, மூச்சுத் திணறல்.
நடந்தால் முட்டி வலி, சீக்கிரம் மூச்சு வாங்குவது.
அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர்.

சிலருக்குத் தைராய்டு போன்ற வேறு காரணம் இருக்கலாம், சில மருந்துகளாலும் எடை கூடலாம். பரம்பரை வாகும் உண்டு. டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வளர்கிற பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். பால், முட்டை, பருப்பு, கீரையைக் குறைக்காதீர்கள். பள்ளியில் கிடைக்கும் காலை உணவையும் சத்துணவையும் நிறுத்தாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்கவே தேவையில்லை. எடை அப்படியே நின்று உயரம் கூடினால் போதும், உடம்பு சரியான அளவுக்கு வந்துவிடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. மாதத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கூல்டிரிங்க்ஸை முதலில் நிறுத்துங்கள். 200 மில்லி பாட்டிலில் பொதுவாக 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அது ஏறக்குறைய 5 தேக்கரண்டி. ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் முழுக்கவே சேர்த்த சர்க்கரை 6 தேக்கரண்டிக்கு மேல் போகக் கூடாது. மோர், பானைத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு இருக்கவே இருக்கிறது.

பாக்கெட் கணக்கு எழுதுங்கள். நாம்தான் சேமிப்புக் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் ஆயிற்றே. ஒரு நாளைக்கு 15 ரூபாய் என்றால் மாதம் 450, வருடம் 5,400 ரூபாய். அந்தப் பணத்தில் முட்டை, வாழைப்பழம், கொண்டைக்கடலைச் சுண்டல், அவித்த நிலக்கடலை எவ்வளவு வாங்கலாம் என்று பிள்ளையையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இரவுச் சாப்பாடு எல்லாரும் சேர்ந்து, டி.வி.யும் செல்போனும் இல்லாமல். ரசமும் கீரையும் என்றாலும் சரிதான்.

தினம் ஒரு மணி நேரம் ஓடியாடட்டும். கபடி, நொண்டி, பச்சைக்குதிரை, சைக்கிள். உடற்பயிற்சி என்று பெயர் வைத்தால் ஓடமாட்டார்கள், விளையாட்டு என்றால் ஓடுவார்கள். மாற்றம் வீட்டில் எல்லாருக்கும் பொது. ஒரு பிள்ளைக்கு மட்டும் சட்டம் போடாதீர்கள்.

பேச்சை மாற்றுங்கள்:

"குண்டா, போதும் எந்திரி" வேண்டாம். "வயிறு நிறைஞ்சுதாப்பா? இன்னும் பசிக்குதா?" என்று கேளுங்கள்.
"அழாத, இந்தா பிஸ்கட்" வேண்டாம். "என்னாச்சு, இங்க வா, சொல்லு" என்று மடியில் இழுத்துக்கொள்ளுங்கள்.
"நல்ல மார்க் எடுத்தா பிரியாணி" வேண்டாம். "நல்ல மார்க் எடுத்தா ஞாயித்துக்கிழமை ஆத்துக்குக் குளிக்கப் போலாம்" என்று சொல்லுங்கள்.

பாட்டியிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை. "அத்தை, நீங்க கேப்பைக் கூழு குடிச்சுத்தானே இந்த வயசுலயும் திடமா இருக்கீங்க, அதையே பேரனுக்கும் பழக்கி விடுங்க" என்று பொறுப்பை அவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்?

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனசு பாரம், எதிலும் பிடிப்பு இல்லை, தூக்கம் கெட்டது, பசி மாறியது, காரணமில்லாமல் அழுகை, எரிச்சல், தான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு. இப்படி இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாதிரி இதுவும் ஒரு நோய். குணமாகும். பேய் பிடித்ததும் இல்லை, திமிரும் இல்லை.

அரசின் இலவச மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண் 104. அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல டாக்டர் வருவார். எந்தக் கிழமை என்று சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள். உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், 14416-க்குப் பேசுங்கள். வீட்டில் அடி உதை இருந்தால் பெண்கள் உதவி எண் 181.

அப்பாவுக்கும் இது பொருந்தும். வேலை இல்லாத கவலையும் ஊர் விட்டு ஊர் போன தனிமையும் ஆண்களையும் சோர்வில் தள்ளும். அவர்கள் அதைக் குடியில் மறைப்பார்கள். அப்பாவும் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து விளையாடுகிற வீட்டில் அம்மாவின் சுமை பாதியாகும்.

அந்த வீட்டில் பிறகு நடந்தது

கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு அந்தச் சகோதரி மட்டும் உட்கார்ந்திருந்தார். ஊக்குநர், "என்னக்கா, வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டார். "மூணு மாசமா தூக்கமே இல்ல தங்கச்சி" என்று சொல்லி அழுதார். ஊக்குநர் பிள்ளையின் எடையைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறு கூட்டத்தில் குழு தீர்மானம் போட்டது. குழுவின் உள்கடன் கொடுத்து, அந்த வாரத் தவணைக் கடனை முடித்தார்கள். செவ்வாய்க்கிழமை வாசல் காலியானது. ஒரு உறுப்பினர் கூடப் போய் டாக்டரைப் பார்க்க வைத்தார். அம்மாவுக்கும் பார்த்தார்கள், பையனுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பீர்க்கங்கூடு தேய்ப்பது நின்றது. சாயங்காலம் தெருப் பிள்ளைகளைக் கூட்டி விளையாட வைக்கும் வேலையைக் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி எடுத்துக்கொண்டாள்.

ஆறு மாதம் கழித்து எடை பார்த்தார்கள். அதே 41 கிலோ. அம்மாவின் முகம் வாடிவிட்டது. செவிலியர் உயரத்தையும் அளந்தார். 134 சென்டிமீட்டர். "மூணு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கான், எடை ஏறல. இதுதான்மா நமக்கு வேணும்" என்றார். இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது. சில நாள் இப்போதும் பாக்கெட் வாங்குகிறார்கள். ஆனால் பையன் இப்போது ஒளித்து வைப்பதில்லை.

குழுவில் பேச

1. கடந்த வாரம் பிள்ளைக்குப் பண்டம் வாங்கிக் கொடுத்தபோது நம் மனசு எப்படி இருந்தது? பசிக்காக வாங்கியது எத்தனை முறை, மற்றதற்காக எத்தனை முறை?
2. நம் ஊரில் பெருத்த பிள்ளைகளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? இந்தக் கூட்டத்தோடு எந்தப் பெயரை விடலாம்?
3. நம் குழுவில் சில மாதங்களாகப் பேச்சு குறைந்த உறுப்பினர் யார்? அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோமா?
4. பள்ளிக்கூட வாசல் கடையில் சுண்டலும் பழமும் விற்க நம் குழுவே ஒரு தொழில் தொடங்க முடியுமா?
5. நம் கூட்டங்களில் டீயோடு என்ன கொடுக்கிறோம்? அதை மாற்ற ஒரு தீர்மானம் போடலாமா?

மூன்றாவது கேள்வியைக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பேசாதீர்கள். ஊக்குநரும் பிரதிநிதிகளும் தனியாகப் பேசி, ஒருவர் மட்டும் போய் வாருங்கள். போகும்போது கடன் பாக்கியைப் பற்றிக் கேட்காதீர்கள். "எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் கேளுங்கள்.